முன்சக்கரத்து டொக் டொக்

பத்து நாளாக என் காரின் முன்பக்கம், இடது ஓரத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில், குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் போய்விட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. பானட்டை அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடுகிறது; ஷாக் அப்சார்பர் போயிருந்தால் தொடர்ந்து ஆடுமே.

பாம்பன் பாலத்தில்தான் பிடிபட்டது. பாலத்து இணைப்புகளில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது சத்தமே இல்லை. தங்கச்சிமடம் தாண்டி இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கியதும் டொக். ஒரு சக்கரம் தனியாக அசைந்தால்தான், இடது வலது சக்கரப் பக்கங்களை இணைக்கிற கம்பியான ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும். அந்த இழுப்பு, பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு கோக்கிற சின்னக் கம்பியான லிங்க் ராடில் விழும்.

மண்டபத்தில் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, கையை உள்ளே விட்டு லிங்க் ராடை ஆட்டினார். "தம்பி, கேட்டியா?" கடகடவென்று ஆடியது. மேல்முனை ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் மணலும் குழைந்து கிடந்தன. தனுஷ்கோடி கடல்முனையான அரிச்சல்முனைக்கு அடிக்கடி போகிற வண்டி, உப்புக்காற்று சும்மா விடுமா?

இரண்டு பக்கமும் லிங்க் ராடு மாற்றியாச்சு. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அப்பப்போ குனிந்து அந்த ரப்பர் உறைகளைப் பாருங்கள். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.