எந்த வண்டிக்குங்க?

சேலத்தில் உதிரிப்பாகக் கடைக்குப் போனால் முதல் கேள்வி இதுதான். பேரிங் கேட்டாலும், ஒயில் சீல் கேட்டாலும், உள்ளங்கையளவு ரப்பர் பூட் கேட்டாலும் கடைக்காரர் நிமிர்ந்து, “எந்த வண்டிக்குங்க?” என்பார். ஸ்விஃப்ட், பொலேரோ, ஏஸ் என்று ஒரு பெயரைச் சொன்னால் கை தானாகத் தட்டுக்குப் போகும். என் வண்டிக்கு அப்படிச் சொல்ல ஒற்றைப் பெயர் கிடையாது. முன் சில்லுகளைத் தாங்குவது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். எஞ்சினும் கியர்பொக்ஸும் பின் அச்சும் மாருதி ஈக்கோ. சட்டம், கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் சதுரக் குழாயை வெட்டி ஒட்டியது. சாடை மட்டும் 1957-இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னக் காருடையது.

இந்தக் கதை முழுவதையும் கடையில் சொல்ல முடியாது, பின்னால் நிற்பவர்களுக்கும் அலுவல் இருக்கும். ஆகவே பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் நம்பரைச் சொல்வேன். ஒயில் சீல் என்றால் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, மூன்றையும் கலிப்பரில் அளந்து துண்டில் எழுதிக்கொண்டு போவேன். எந்தக் கொம்பனிக் கார் என்றாலும் பேரிங் நம்பர் பேரிங் நம்பர்தான்.

நான் பருத்தித்துறைக்காரன். 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு கராஜில் எடுபிடியாக நின்றவன். அப்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைக்கும். காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் ஓடவைத்தோம். பிறகு லண்டன். குரோய்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. லோட்டஸுக்குப் பிறகு செவனைச் செய்யத் தொடங்கியவர்களின் ஊரான கேட்டர்ஹாம் அதற்குத் தெற்கே கிட்டத்தில்தான். ஞாயிறு காலையில் கதவும் கூரையும் இல்லாத அந்தச் சின்னக் கார்கள் வரிசையாக வந்து பெற்றோல் அடித்துக்கொண்டு போகும். எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற கார், என்னைப் போன்ற கராஜ் பெடியனுக்கு அதைவிட என்ன வேண்டும்? கொஞ்சம் காசு சேர்ந்ததும் யாரோ பாதியில் விட்ட ஒன்றை வாங்கிப் பூட்டி முடித்தேன்.

மனுசி சேலத்துக்காரி, லண்டனில் தாதியாக இருந்தவள். மாமாவுக்கு முடியாமல் போனதும் அழகாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவள் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. அதனால் கலியாணம் பதிந்து 2 வருஷம் கடந்த துணைவன் என்ற கணக்கில் எனக்கு வாழ்நாள் விசாவான ஓ.சி.ஐ. அட்டை கிடைத்தது. காருக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. செய்து 3 வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவுக்குள் இறக்க விடமாட்டார்கள். விற்றுவிட்டு, பெட்டியில் மரை வெட்டுகிற ஒரு செட் டாப்பும் டையும் மட்டும் கொண்டுவந்தேன். அவை யூ.என்.எஃப். என்ற அங்குலக் கணக்கு மரைக்கானவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செவன் பிறந்த காலத்தில் இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிக்காரன் பிடிப்பான் என்று கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசியிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உலாவும். 1973-இல் வற் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே வருஷம்தான் லோட்டஸிடமிருந்து அந்தக் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம்காரர்கள் கைக்கு வந்தது. காரை உருவாக்கிய கொலின் சாப்மன் அதற்குத் தேடியதெல்லாம் அன்றைய தெருவில் மலிந்து கிடந்த சாமான்களை. முதல் செவனில் போர்ட் பொப்பியூலரின் 1172 சிசி எஞ்சின் இருந்தது. 1960-இல் வந்த இரண்டாம் வரிசையில் முன்னுக்குச் சில்லைத் தாங்கி ஸ்டீரிங்கோடு திரும்புகிற டிரையம்ப் ஹெரால்டின் நக்கிள், பின்னுக்கு ஸ்டாண்டர்ட் 10 குடும்பத்து அச்சு. ஆகவே சேலத்தில் செவன் வைத்திருக்கிறவன் சேலத்துத் தெருவில் கிடைப்பதைத்தான் போடவேண்டும் என்பது என் பிடிவாதம். இங்கிலாந்திலிருந்து பார்சல் எடுப்பிக்கலாம்தான். கூரியர் காசும் சுங்க வரியும் சேர்ந்தால் சாமானின் விலையை விழுங்கிவிடும், அது வேறு.

ஹெரால்ட் என்றதும் இந்த ஊர் வயசாளிகளுக்கு முகம் மலரும். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் கம்பனி டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்து விற்றது. எங்களுடையது ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் பின்புறம், கோழி அடைந்து கிடந்தது. பழைய இரும்பு விலைக்குத் தந்தார்கள். உடம்பு உக்கிப் போயிருந்தாலும் முன் நக்கிள் இரண்டும் ஸ்டீரிங் ரேக்கும் நன்றாக இருந்தன.

அந்த நக்கிளின் அடியில்தான் வில்லங்கம். அங்கே பந்து மூட்டு இல்லை. நக்கிளின் கீழ்நுனியில் மரை வெட்டியிருக்கும், அது ட்ரன்னியன் என்ற பித்தளைக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது அந்த மரைதான் சுழலும். வலப்பக்கத்துக்கு வலம்புரி, இடப்பக்கத்துக்கு இடம்புரி. உள்ளே ஈரம் புகுந்து மரை துருப்பிடித்தால் ஒருநாள் அந்தக் கழுத்து முறியும், சில்லு மடங்கிப் படுக்கும். ஊரில் மொறிஸ் மைனர்கள் ஏறக்குறைய இதே நோயில் சந்தி நடுவில் முழங்கால் மடித்து நின்றதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஹெரால்டின் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் ஆகாது, இ.பி. 90 கியர் ஒயில்தான். கிரீஸ் அடிமட்டத்து மரைவரை இறங்காது, இறங்கினாலும் நாளடைவில் இறுகிவிடும்.

பட்டறைத் தம்பி கிரீஸ் கன்னோடு வந்து நின்றான்.

“அம்பாசடருக்கே கிரீஸ்தாங்க சார் அடிச்சோம்.”

“தம்பி, இதுக்கு ஒயில்தான். மேல் விளிம்பில் கசியிறவரை அடிக்கோணும்.”

“ஒழுகுமேங்க.”

“ஒழுகட்டும். அப்பதான் உள்ள இருக்கெண்டு தெரியும்.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் அவனே, “சிலோன் அண்ணா, ஆயில் வைக்கணுமில்ல?” என்று போன் பண்ணுகிறான். வந்த புதிதில் நான் ‘லண்டன் சார்’.

இனி மரை. ஹெரால்ட் சாமான்களில் எல்லாம் யூ.என்.எஃப். மரை, மாருதியில் மெட்ரிக். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், எம்8 போல்ட்டினுடையது 8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஒரு சுற்றுப் போகும், பிறகு இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு நெரித்தால் மரை வழித்துக்கொண்டு வரும். பிரேக்கிலும் ஸ்டீரிங்கிலும் இது உயிர் விளையாட்டு. அதனால் முன்பகுதி நட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் பொட்டு வைத்திருக்கிறேன். நல்ல தரத்து யூ.என்.எஃப். போல்ட் எங்கே கிடைக்கும் என்று கார்க் கடைகளில் கேட்டுக் களைத்தபோது வழி சொன்னவர் மாமா. “மாப்பிள்ளை, டிராக்டர் கடையில கேட்டுப் பாருங்க.” மாசி பெர்கூசன் டிராக்டர் இங்கிலாந்துக் குடும்பம், சென்னையில் டாஃபே செய்வது. அதன் மரையும் யூ.என்.எஃப்.தான். அன்று முதல் டிராக்டர் கடையில் எனக்குக் கணக்குப் புத்தகமே உண்டு.

மாமா சொன்னதில் தொடர்ந்து இழுத்தால் நூல் நீளமாகவே வருகிறது. பிரிட்டிஷ் கார்களின் மின்சாமானில் இருந்த லூக்காஸ் பெயர் சென்னையின் பாடிப் பகுதியில் லூக்காஸ் டி.வி.எஸ். ஆனது. இங்கிலாந்து பிரேக் கம்பனி கெர்லிங்குடன் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில்தான். சாப்மன் தேடிய சாமான்களின் உறவுக்காரர் பாதிப்பேர் சென்னையில் இருந்திருக்கிறார்கள்.

ஈக்கோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன் எஞ்சின், பின் சில்லு இழுக்கும் மலிவான வண்டி இங்கே வேறு எது? எங்களுடையது 1.2 லீட்டர், 73 குதிரைத்திறன். பழைய வண்டியிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: எஞ்சின், அதன் கணினியான ஈ.சி.யூ., திறப்பு (சாவி), வயரிங் நான்கும் ஒரே வண்டியுடையதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் எஞ்சினை எழும்ப விடாது. நாங்கள் கோவை உக்கடத்தில் நாலையும் சேர்த்துக் கட்டியே வாங்கினோம். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கிப் பேலன்ஸ் செய்வது லொறி ஊரான சங்ககிரியில் அரைநாள் வேலை. குரோய்டனில் அதற்கு எத்தனை வாரம் காத்திருந்தேன்!

அலுமினியத் தகடு ஒட்டியவனைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டறையில் டிக் வெல்டிங் நுணுக்கமாகச் செய்கிற ஆள் ஒருவன் இருந்தான். நான் தம்பியோடு கதைப்பதைக் கேட்டு முகமூடியைத் தூக்கி, “அண்ணை யாழ்ப்பாணமோ?” என்றான். மன்னார்ப் பெடியன். 1990-இல் தாயின் இடுப்பில் இருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கியவன். சேலம் மாவட்டத்து முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளைகள் இந்த ஊர்த் தமிழ் கதைக்கிறார்கள். 2021-இல் அரசாங்கம் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் அவன் இன்னமும் வேலைக்கு வரமுடியாது. வந்து கொஞ்சக் காலமே ஆன என் பொக்கட்டில் வாழ்நாள் விசா அட்டை கிடக்கிறது. அதை அவனிடம் ஒருநாளும் எடுத்துக் காட்டியதில்லை. அவன் கேட்டதும் இல்லை. கேட்டதெல்லாம், “அண்ணை, மண்ணெண்ணெயில கார் ஓடினதெண்டு அம்மா சொல்லுவா, மெய்யோ?” என்றுதான். அன்று தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் காபரேட்டர் கதை.

எடை பார்க்கச் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் லொறி எடைமேடைக்குக் கொண்டுபோனோம். இறக்கி நிறுத்தியதும் உள்ளே இருந்தவர், “வண்டியை ஏத்துங்க” என்றார். ஏற்றித்தான் நிற்கிறது என்றோம். எட்டிப் பார்த்துவிட்டு 560 கிலோவுக்குச் சீட்டுக் கிழித்துத் தந்தார். மாமா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கூரை எப்போது போடுவீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டார். சேலத்து வெயிலில் நியாயமான கேள்வி.

றோட்டில் ஓடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டுவதில்லை. இங்கிலாந்தில் தனியாள் கட்டிய காரை ஒரு நாள் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவெண் வாங்கலாம். இங்கே அனுமதி முறை தயாரிப்புக் கம்பனிகளுக்கானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிந்த வண்டியையே கம்பனி செய்த அமைப்பிலிருந்து மாற்றவிடாது. ஆகவே ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது டாட்டா 407 லொறியின் முதுகில் ஏறித்தான் போகிறது. மேலே மனுசி வீட்டாரின் காப்பித் தோட்டத்துக்குள் தனி வழி உண்டு. வேகம் வேண்டும் என்றால் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தப் பெயருக்குரிய கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி ஒற்றையிருக்கைக் கார்களைக் கட்டியவர். நான் பண்ணுவது புதுமை இல்லை என்று மாமாவுக்குச் சொல்ல அது நல்ல சாட்சி.

ஏற்காட்டு ஈரம்தான் இப்போது எதிரி. அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தைத் தொடுகிற இடமெல்லாம் வெள்ளைப் பூளை பிடிக்கிறது. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் ஒருகாலம் மேட்டூருக்கு அலுமினியமாகப் போனது, மலைக்குத் திரும்பி வந்ததும் மண்ணாகப் பார்க்கிறது போலும். ரிவெட்டுகளைக் கழற்றி இடையில் சீலண்ட் பூசி மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து ட்ரன்னியன். கையில் இருப்பது தேய்ந்துவிட்டது. லேத் பட்டறைக்காரர் கன்மெட்டலில் கடைந்து தருகிறேன் என்கிறார், இடம்புரி மரையும் வெட்டுவாராம். ஆனால் ரெண்டு மட்டும் என்றால் ரேட் கட்டாதுங்க, பத்து செஞ்சுக்கலாம் என்று நிற்கிறார். எனக்கு வேண்டியது வலம் ஒன்று, இடம் ஒன்று. சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் யாராவது இன்னும் ஹெரால்ட் வைத்திருந்தால் எந்தப் பக்கத்துக்கு என்று மட்டும் சொல்லுங்கள், மீதி எட்டில் எடுத்து வைக்கிறேன்.