விசென்டர்ல ஒவ்வொரு எச்பிஏ போர்ட்டையும் தனியா அடையாளம் பிடிச்ச கதை

எங்க டேட்டா சென்டர்ல பழைய ஃபைபர் சேனல் (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கற நெட்வொர்க்) ஸ்விட்ச் ரெண்டையும் மாத்தறதா முடிவாச்சு. புதுசுல ஜோனிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜோட பேசலாம்ங்கற விதி) போடணும்னா எந்த சர்வர்ல எந்த எச்பிஏ (ஸ்டோரேஜோட இணைக்கற கார்டு, அடாப்டர்னும் சொல்வாங்க) போர்ட், அது எந்த ஃபேப்ரிக்குக்கு (ஸ்விட்ச் வழியா போற தனி நெட்வொர்க்) போகுதுன்னு முழு லிஸ்ட் வேணும்னு ஸ்டோரேஜ் டீம் கேட்டாங்க. ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (வர்ச்சுவல் மெஷின் ஓடற சர்வர்) எல்லாம், அதுங்கள ஒரே இடத்துல நிர்வகிக்கற ஒரே விஎம்வேர் விசென்டருக்கு கீழதான் இருக்கு.

டீம்ல ஏற்கனவே யாரோ எழுதி வச்ச ஸ்கிரிப்ட் ஒண்ணு இருந்துச்சு, அத ஓட்டினா ஹோஸ்ட் எத்தனை இருந்தாலும் கடைசி ஹோஸ்ட்டோட அடாப்டர் மட்டும்தான் முழுசா வருது. உள்ள போய் பார்த்தா, விசென்டரோட ஏபிஐ (ஸ்கிரிப்ட் தகவல் கேட்டு வாங்கற வழி) ஒவ்வொரு எச்பிஏக்கும் ஒரு கீ குடுக்குது இல்லையா, அதையே அடையாளமா வச்சு சேமிச்சிருக்காங்க. அந்த கீல இருக்கறது அடாப்டரோட வகையும் விஎம்எச்பிஏ2ங்கற மாதிரி பேரும்தான். எல்லா ஹோஸ்ட்லயும் ஒரு விஎம்எச்பிஏ2 இருக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணு எழுதிட்டே போயிருக்கு. ஹோஸ்ட்டுக்குள்ள மட்டும்தான் அந்த கீ யுனிக், வெளிய வந்தா இல்ல.

சரி ஹோஸ்ட் ஐடியையும் சேர்த்துக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். விசென்டர் குடுக்கற அந்த ஐடி, ஹோஸ்ட்ட இன்வென்டரில இருந்து எடுத்துட்டு திரும்ப சேர்த்தா மாறிடும். அதுவும் போக விஎம்எச்பிஏ நம்பருக்கும் கேபிளுக்கும் சம்பந்தமே கிடையாது, ஒரு சர்வர்ல உள் டிஸ்க்குக்கான ரெய்டு கார்டு, சாட்டா கன்ட்ரோலர்னு முன்னாடி இடம் பிடிச்சிருக்கும், இன்னொண்ணுல இருக்காது, இங்க விஎம்எச்பிஏ2 ஃபேப்ரிக் ஏக்கு போனா அங்க அதே பேர் ஃபேப்ரிக் பிக்கு போகும்.

கடைசில நம்பினது போர்ட்டோட வேர்ல்ட் வைட் நேம் மட்டும்தான். 64 பிட், 16 ஹெக்ஸ் இலக்கம், கார்டு தயாரிக்கும்போதே போட்டு வர்றது. இதுல நோட் நேம், போர்ட் நேம்னு ரெண்டு இருக்கு, எடுக்க வேண்டியது போர்ட் நேம், ஏன்னா சில டூயல் போர்ட் கார்டுல நோட் நேம் ரெண்டு போர்ட்டுக்கும் பொதுவா இருக்கும்.

பவர்சிஎல்ஐல (விஎம்வேருக்கான ஸ்கிரிப்ட் டூல்) எடுத்தப்பதான் பெரிய சிக்கலே வந்துச்சு. அது போர்ட் நேமை ஹெக்ஸா தராம சாதாரண டெசிமல் எண்ணா தருது, 19 இலக்கம். க்யூலாஜிக் கம்பெனி கார்டுல 21:00:00:24ன்னு ஆரம்பிக்கற பேரு 2377900ன்னு தொடங்கற நீளமான எண்ணா வந்து நிக்கும். அத சிஎஸ்வில போட்டு எக்செல்ல திறந்தா எக்செல் 15 இலக்கத்துக்கு மேல வச்சுக்காது, மிச்சத்த பூஜ்யமாக்கிடும். ஒரே கார்டுல இருக்கற ரெண்டு போர்ட்டுக்கும் வித்தியாசமே கடைசி இலக்கத்துலதான், அதனால ரெண்டும் ஒரே பேரா தெரியுது! அந்த லிஸ்ட்ட வச்சு ஜோனிங் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது. அதனால தயவுசெஞ்சு ஸ்கிரிப்ட்லயே ஹெக்ஸா மாத்தி, நடுவுல கோலன் போட்டு, டெக்ஸ்ட்டாவே எழுதுங்க.

லிஸ்ட் வந்ததும் பழைய ஸ்விட்ச்ல லாகின் ஆன போர்ட் நேம்களோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தோம். எது எந்த ஃபேப்ரிக்ல இருக்குன்னு உறுதியா சொல்றது ஸ்விட்ச்தான், விசென்டர் இல்ல.

ஆனா போர்ட் நேம் கார்டோட அடையாளம், இடத்தோட அடையாளம் இல்ல. கார்டு போய் புதுசு போட்டா பேரும் மாறிடும் (பிளேடு சர்வர்ல ப்ரொஃபைல்ங்கற செட்டிங் தொகுப்பு வழியா பேர் குடுத்திருந்தா மட்டும் அப்படியே நிக்கும்). அதனால சர்வரோட சீரியல் நம்பர், கார்டு உக்காந்திருக்கற பிசிஐ அட்ரஸ், இது ரெண்டையும் லிஸ்ட்ல தனி நெடுவரிசைல வச்சோம். உள்ளேயே இருக்கற ரெய்டு கன்ட்ரோலருக்கு இந்த ஜோடிதான் அடையாளம், அதுக்கு ஃபைபர் சேனல் பேரே கிடையாதே.

சாஃப்ட்வேர் ஐஸ்கசி (சாதாரண நெட்வொர்க் வழியா ஸ்டோரேஜோட இணையற முறை) ஹோஸ்ட்டுக்கு ஐக்யூஎன்ங்கற ஐஸ்கசி பேருதான் கீ. அதுலயும் ஒரு சோதனை அவசியம்: இன்ஸ்டால் பண்ண டிஸ்க்க அப்படியே குளோன் பண்ணின ஹோஸ்ட் இருந்தா ரெண்டுக்கும் ஒரே ஐக்யூஎன் வர வாய்ப்பு இருக்கு, அப்ப ஸ்டோரேஜுக்கு ரெண்டு ஹோஸ்ட்டும் ஒண்ணாத்தான் தெரியும். லிஸ்ட்ல டூப்ளிகேட் தேடற ஒரு வரியை ஸ்கிரிப்ட்லயே சேர்த்து, அது சுத்தமா வந்தப்புறம்தான் ஸ்டோரேஜ் டீமுக்கு அனுப்பினோம்.