மாஸ்டரின் பிளாட்டினக் கம்பி

நம் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் பிளாட்டினக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக் கோலின் நுனியில் பதித்த, விரல் நீளம்கூட இல்லாத கம்பி. மாஸ்டர் அதை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பார். சுவாலைச் சோதனை நாளில்தான் வெளியே வரும். ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்ப்பார், பன்சன் சுடரில் பிடிப்பார், மறுபடி தோய்ப்பார். பிறகு உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டுவார். சோடியத்துக்கு மஞ்சள், பொட்டாசியத்துக்கு ஊதா. கம்பி மட்டும் அப்படியே இருக்கும். "லேசிலை ஒண்டோடையும் சேராது தம்பி, அதுதான் அதின்ரை பெருமை" என்பார். வெள்ளி நைத்திரேற்று பட்டுக் கறுத்த என் விரல்களோ நாட்கணக்கில் வெளுக்காது.

லண்டனுக்கு வந்து பல வருடங்களின் பின், ஒரு கண்காட்சியில் ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் பிரெடரிக் எவன்ஸ் 1903இல் எடுத்த படத்தின் முன் நின்றேன். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த கற்படிகள், அலை அலையாக மேலேறுகின்றன. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல்! பளபளப்பே இல்லை. கீழே 'பிளாட்டினம்' என்று எழுதியிருந்தது.

பிளாட்டினத்தால் படம் அச்சிடும் இந்த முறைக்கு வில்லியம் வில்லிஸ் 1873இல் காப்புரிமை பெற்றார். ஜெலட்டின் படலம் கிடையாது. உலோகம் தாளின் நாரிலேயே படியும். வெளிச்சத்தை உணர்வது பிளாட்டினம் அல்ல, இரும்பு. தாளில் பூசிய பெரிக் ஒட்சலேற்று என்ற இரும்பு உப்பு ஒளிபட்டுப் பெரசு உப்பாகி, பிளாட்டின உப்பை உலோகமாக்குகிறது. வெள்ளிப் படங்களைப்போல இது மங்குவதில்லை.

முதலாம் உலகப் போர் வந்தது. வெடிமருந்துக்கு நைத்திரிக் அமிலம் வேண்டும், அதற்கு ஊக்கியாகப் பிளாட்டினம் வேண்டும். விலை ஏறித் தாள் கிடைக்காமல் போக, எவன்ஸ் படமெடுப்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டார். அந்த அமிலம் செய்யும் ஒசுவால்ட் முறையைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எனக்கு, அந்த ஒற்றை வரி ஒரு கலைஞனின் கையை எப்படிக் கட்டிப்போட்டது என்று அப்போதுதான் விளங்கியது. மனம் கனத்துவிட்டது.

போன குளிர்காலம் ஒரு பட்டறையில் நானே தாளில் பூசிப் பார்த்தேன். நெகட்டிவைத் தாளின் மேலேயே வைத்து அச்சிடுவதால், அது அச்சாகும் படத்தின் அளவுக்கே இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ சின்னப் பிலிம் துண்டு, மாஸ்டர் கம்பியைச் சுடரில் பிடித்தபடி நிற்பது. கணினியில் பெரிதாக்கி எடுத்தேன். நம் இருட்டறையில் படம் மெல்ல மெல்ல எழும்பும் அல்லவா? இது அப்படியில்லை. பொட்டாசியம் ஒட்சலேற்றுக் கரைசலை ஊற்றிய அந்தக் கணமே மாஸ்டர் முழுசாக வந்து நின்றார்.

மிஞ்சிய இரும்பின் மஞ்சளைப் போக்க ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலைத் திறந்தேன். அதே மணம்.