புதாற்றின் தலைமதகில்

மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று ஒரத்தநாட்டுப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் பதில் கிடைக்கும். சொல்பவர்களில் அந்த அணையை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. எங்களுக்கு மேட்டூர் என்பது கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீர்தான். 2025இல் ஜூன் 12 அன்று அங்கே திறந்தார்கள். 15ஆம் தேதி கல்லணையில் திறப்பு. மேடையும் கூட்டமும் கலைந்த பிறகு போவோம் என்று மறுநாள் திருக்காட்டுப்பள்ளி வழியாக பஸ் பிடித்தேன்.

கல்லணைக்கு வருகிறவர்கள் யானைமேல் அமர்ந்திருக்கும் கரிகாலனோடு படம் எடுத்துக்கொண்டு, பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மீனைக் குறை சொல்ல மாட்டேன், நானும் தின்றேன். ஆனால் நான் பார்க்க வந்தது தென்கோடியில் இருக்கும் கல்லணைக் கால்வாயின் தலைமதகை. எங்கள் பக்கம் அதைப் புதாறு என்போம். மேட்டூர் அணையோடு திட்டமிட்டு வெட்டிய கால்வாய். இரண்டும் 1934இல் பயன்பாட்டுக்கு வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடுவதும் இதுதான். ராஜராஜன் வெட்டியது என்று அங்கே பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். குறுக்கிட மனம் வரவில்லை.

புதுத்தண்ணீர் தெளிவாக வருவதில்லை. பழுப்பு நுரை, ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் துண்டு எல்லாம் ஷட்டருக்கு முன்னால் சுழன்றுகொண்டிருந்தன. மதகுச் சுவரில் முந்தைய நாள் தூவிய நெல் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த, ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரிடம், "எங்களுக்கு எப்போது தண்ணீரைக் கூட்டுவீர்கள் அண்ணே?" என்றேன். "மேலே இருந்து உத்தரவு வரட்டும் தம்பி. குறுவைக்காரர்கள் காவிரியிலும் வெண்ணாற்றிலும் காத்திருக்கிறார்கள் இல்லையா?" என்றார். நியாயமான பதில்தான், வயிறுதான் எரிந்தது.

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அது நிரம்பி, மேலேயிருந்து வெள்ளமும் வந்துவிட்டால் உபரி முழுவதும் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது. அந்த நாட்களிலும் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை ஏரிகளில் தரை தெரிவதுண்டு. கால்வாய் தாங்குகிற அளவுக்குத்தான் தண்ணீர் விட முடியும், கரை உடைந்தால் யார் பொறுப்பு என்பார்கள். அப்படியானால் கரையைப் பலப்படுத்தும் வேலையையும் ஏரி தூர்வாருவதையும் கோடையிலேயே முடிக்க வேண்டாமா? மே மாதக் கடைசியில் பொக்லைனை இறக்கிவிட்டு ஜூனில் தண்ணீர் வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.