பவர் சப்ளை வாங்கும்போது 12 வோல்ட் வரியைப் பாருங்கள்

கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஆவணி முகூர்த்தங்களின் வேலை குவிந்து கிடந்த நேரத்தில் கணினி அடிக்கடி அணையத் தொடங்கியது. வெட்டி ஒட்டும்போது சிக்கல் இல்லை. தொகுத்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் தொடங்கியதும் நீலத் திரையோ எச்சரிக்கையோ இல்லாமல், யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் நின்றுவிடும். வெப்பநிலை அளவோடுதான் இருந்தது. எனவே சந்தேகம் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மீது விழுந்தது. பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் 4கே காட்சிகளுக்குத் திணறிக்கொண்டிருந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்ற முடிவெடுத்தேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினால் விசிறி முழுக்க யாழ்ப்பாணத்துக் கொக்குவில் செம்மண் தூசி. துடைத்துவிட்டுப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்! புரொசெசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் வருகிறது. மீதியை 3.3, 5 வோல்ட் வரிகளில் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். இப்படி விற்பது அநியாயம்.

யாழ் நகரக் கடையில் நின்ற தம்பி, "அண்ணை, விலை குறைந்த 600 வாட் ஒன்று இருக்கிறது, தரட்டுமா?" என்று கேட்டார். "பெட்டியைத் திருப்பி 12 வோல்ட் வரியைக் காட்டுங்கள் தம்பி" என்றேன். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், அதாவது 648 வாட் தரும் 650 வாட் பவர் சப்ளையை எடுத்தேன். கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அது 170 வாட் இழுக்கும். தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. கார்ட் உள்ளே அடங்குமா என்று பார்க்க, கணினிக் கேஸின் உள் நீளத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போயிருந்தது கைகொடுத்தது.

மாட்டுவது கடினமில்லை. பழைய வயர்களைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டை இழுக்குமுன் மதர்போர்டில் ஸ்லொட்டின் முனையிலுள்ள சிறு பூட்டை அழுத்த வேண்டும். கவனம் வேண்டியது வயர்களில்தான். புரொசெசருக்குப் போவதும் 8 முனை, கார்டுக்குப் போவதும் 8 முனை. ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் இடம் மாறியிருக்கும். 4+4 ஆகப் பிரிவது புரொசெசருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. இறுகினால் பலம் கொடுக்காமல் மறுபடி பாருங்கள். கழற்றி மாட்டக்கூடிய வயர்கள் என்றால், ஒரு பவர் சப்ளையின் வயரை இன்னொன்றில் செருகவே வேண்டாம். பவர் சப்ளை பக்க முனைகளுக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது, வன்தட்டு எரிந்துபோகலாம்.

கணினி முதல் தடவையிலேயே எழும்பியது. ஆனால் கேஸைத் தொட்டபோது விரலில் மெல்லிய கூச்சம். பவர் சப்ளையின் வடிகட்டிக் கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) வழியே சிறிதளவு மின்சாரம் கேஸின் உலோகத்துக்குக் கசிவது இயல்பு; எர்த் இருந்தால் அது இறங்கிவிடும். எங்கள் பழைய வீட்டில் அந்தச் சொக்கெட்டின் எர்த் வயர் விட்டிருந்தது. மின்வேலை செய்பவரை அழைத்துச் சரிசெய்த பிறகே வேலையைத் தொடர்ந்தேன். பழைய வீடுகளில் இருப்பவர்கள் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்தது, மின்சாரம் நின்றாலும் கணினியைச் சிறிது நேரம் ஓட்டும் யுபிஎஸ். என்னிடமிருந்த 650 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது மொனிட்டரையும் சேர்த்தால் அது போதாது. பெரியதொன்று வாங்கி, ரெண்டர் ஓடும்போதே சுவரின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், தாக்குப்பிடித்தது.

பழைய 1050 டிஐ ஸ்லொட்டில் கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடும், தனி வயர் தேவையில்லை. அதை அக்காவின் மகளுடைய கணினியில் மாட்டிக் கொடுத்தேன். பழைய பவர் சப்ளையை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. யாரும் எடுத்துப் பாவித்துவிடாதபடி வயர்களை வெட்டிவிட்டேன்.