குன்றக்குடி அடிவாரத்தில் ஒரு பகல்

காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன் என்றாலும், குன்றக்குடிக்கு நான் சென்றுவந்த பயணங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே அமைந்திருந்தன. பேருந்தை விட்டு இறங்கி, நேராகப் படியேறி, சண்முகநாதரைத் தரிசித்துவிட்டு, அடுத்த பேருந்தில் வீடு திரும்பிவிடுவேன். திருப்பத்தூர்ச் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில்தான் கோயில் என்பதால், நினைத்தபோது வரலாம் என்ற எண்ணமே என்னை ஒருநாளும் நின்று பார்க்க விடவில்லை. மூட்டுவலியால் மூன்று ஆண்டுகளாகப் படியேற முடியாமல் இருந்த ஆத்தாவை இந்த முறை அழைத்துச் சென்றபோதுதான், அந்த மலையின் அடிவாரத்தை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன்.

தோகையடி விநாயகரை வணங்கிய பிறகு, ஆத்தா குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். "மயிலு மேல காலு வைக்கப் போறோம்ப்பா, சொல்லிட்டு வைக்கணும்" என்றார்கள். தலபுராணம் சொல்லும் செய்தியும் அதுதான். பிரமனின் அன்னமும் திருமாலின் கருடனும் தன்னைவிட விரைவாகப் பறப்பதாகப் பெருமை பேசுகின்றன என்று அசுரர்கள் மூட்டிவிட, அதை நம்பிய மயில் அவற்றை விழுங்கியது. அதனால் முருகனின் சாபத்துக்கு ஆளாகி, அரசவனம் என்ற இந்த இடத்தில் மலையாகக் கிடந்து தவமிருந்து, பின்னர் அவனருளாலேயே சாபம் நீங்கப்பெற்றது. மயூரகிரி என்ற பெயர் அப்படி வந்தது. வாகனத்தின் குற்றத்தைப் பொறுத்ததோடு நில்லாமல், அதன்மீதே வந்து குடியமர்ந்த கருணையை எண்ணும்போது, எத்தனை முறை கேட்ட கதையானாலும் எனக்கு மனம் கரைந்துவிடுகிறது.

வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம் என்று நான் சொன்னேன். ஆத்தாவோ குடைவரைகளைப் பார்க்காமல் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மலையின் கீழ்ப்பகுதியில், முற்காலப் பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் சன்னதிகள் அவை. இந்த அடிவாரத்து ஈசனுக்குத் தேனாற்றுநாதர் என்று பெயர். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் சற்று நேரம் எதுவும் புலப்படவில்லை. கண் பழகப் பழக, சுவரில் திருமால் முழு உருவத்தோடு தெரிந்தார். அவருக்கு அருகில் கருடன் பறவை வடிவில் அல்லாமல் மனித உருவில் நின்றுகொண்டிருந்தார். தூண்களில் உளி கொத்திய தடங்களை விரலால் தடவி உணர முடிந்தது. பாறை குளிர்ந்திருந்தது. ஆத்தா லிங்கத்துக்கு எதிரே அமர்ந்து ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கியதும், அவர்களுடைய மெல்லிய குரல் அந்தச் சிறிய அறையில் பெருகி, பலர் சேர்ந்து ஓதுவதைப் போலக் கேட்டது. படியேறி ஓடிய ஆண்டுகளில் எல்லாம் இதைக் கடந்தே போயிருக்கிறேன் என்பதை எண்ணியபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இதே மலையில் ஞானியார் மடம் என்றழைக்கப்படும் இயற்கைக் குகைத்தளம் ஒன்றும், அங்கே தலைகீழாக வெட்டப்பட்ட தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. குடைவரைகளுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே துறவியர் தங்கிய மலை இது.

மலை அவ்வளவு உயரமில்லை; இடையிடையே அமர்ந்து ஏறினால் வயதானவர்களாலும் ஏற முடிகிறது. கருவறையில் ஆறு முகங்களும் பன்னிரு கரங்களும் கொண்டு மயில்மீது அமர்ந்திருக்கிறார் சண்முகநாதர். மூர்த்தியும் மயிலும் திருவாசியும் ஒரே கல்லில் வடிக்கப்பட்டவை. வள்ளியும் தெய்வானையும் தனித்தனி மயில்களில் வீற்றிருக்கும் கோலம் இத்தலத்துக்கே உரிய சிறப்பு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய சன்னதி என்ற நினைவோடு தீபாராதனையைப் பார்த்து நின்றேன். ஆத்தா கைகூப்பினார்களே தவிர, வாய்திறந்து எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

இங்குள்ள திருநீற்றின் பெருமையைச் சொல்லாமல் கடக்க முடியாது. பெரிய மருதுவுக்கு முதுகில் இராஜபிளவை என்னும் கொடிய கட்டி கண்டு எந்த மருந்துக்கும் ஆறாமல் இருந்தபோது, முருகனடியாரான நகரத்தார் ஒருவர் சண்முகநாதரை வேண்டித் திருநீறு பூசிக் குணமாக்கினார் என்பது இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நன்றிக்கடனாக மருது சகோதரர்கள் கோயிலுக்குச் செய்த திருப்பணிகள் இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. குளத்துக்கும் மருதாபுரி என்றே பெயர். 1801 அக்டோபர் 24 அன்று அவர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர், இதே சாலையில்தான் இருக்கிறது. கோயிலில் உள்ள அவர்களுடைய சிலைகளின் முன் எல்லோரும் ஒரு கணமாவது நின்றுவிட்டு வரவேண்டும் என்பது என் விருப்பம்.

இறங்கியபின் பிள்ளையார்பட்டிக்குச் சென்று கற்பக விநாயகரை வணங்கிவிட்டுக் காரைக்குடி திரும்பியபோது மாலையாகிவிட்டது. காலையிலிருந்து ஆத்தா தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தெருமுனையில் ஓர் அம்மா இரும்புச் சட்டியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சரிசியைப் படியில் அளந்து, அதே படியின்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பதுதான் எங்கள் பக்கத்து அளவு. ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்து அடங்கி, பின் தானாக மேலெழுந்து, ஓரம் பூப்போல விரிய, நடு மட்டும் வெள்ளையாக உப்பியது. சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதால் அந்த அம்மாவின் கண் சட்டியை விட்டு நகரவேயில்லை. வரமிளகாய்த் துவையலோடு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்.

ஆத்தா உடனே சாப்பிடவில்லை. முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை அவிழ்த்து, முதலில் அந்த அம்மாவிடம் நீட்டினார்கள். அவர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, அடுப்பைத் தணித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிப் பூசிக்கொண்டார். அதன்பிறகுதான் ஆத்தா பணியாரத்தைப் பிய்த்து முதல் வாயை எனக்கு ஊட்டினார்கள்.