பேய் யார் என்று சப்டைட்டில் சொல்லிவிட்டது

வியட்நாமின் சைகோனில் எங்கள் வீட்டில் படம் தேர்ந்தெடுப்பது என்றாலே சண்டைதான். எனக்குப் பேய்ப்படம், மகளுக்குக் கொரியக் காதல். பாதியிலேயே தூங்கிவிடும் அவள் அப்பாவுக்கு ஓட்டு கிடையாது.

போன சனிக்கிழமை அவள் முறை. வியட்நாமிய சப்டைட்டில்தான் போடுவாள். நாயகனும் நாயகியும் முறைத்துக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, லவ் வந்துருச்சு!" என்றாள். முத்தமில்லை, பாட்டில்லை. எப்படித் தெரிந்தது?

அதுவரை தன்னை ‘தோய்’, அவளை ‘கோ’ என்று எட்டி நின்று பேசியவன், அந்த வரியில் ‘அன்’, ‘எம்’ என்று மாறியிருந்தான். இந்த மொழியில் நான், நீ என்பதற்கெல்லாம் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்கள்தான். அன் என்றால் அண்ணன், எம் என்றால் தங்கை அல்லது தம்பி. காதலர்களுக்கும் அதே சொற்கள். (இதைக் கேட்டு என் அம்மா போனில் பதறிவிட்டார்.) ஆக, எந்தக் காட்சியில் காதல் பிறக்கிறது என்று சப்டைட்டில் எழுதுபவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். பாவம்.

நேற்று என் முறை. பத்தாவது நிமிடம், இருட்டில் நாயகியிடம் பேய் முனகியது. சப்டைட்டிலில் தன்னை ‘மெ’ என்றது.

"ஓ, அது அவளோட அம்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பாப்கார்ன் எடுக்க எழுந்து போனாள்.